கேஸ் மாத்திரை

எல்லாருடைய டம்ளரிலும் நுரை பொங்குகிறது. என்னுடையதில் மட்டும் ஒன்றையும் காணோம்.

லேப்டாப் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு கண்ணாடி டம்ளர், புஸ்ஸென்று வழியும் நுரை. மேடவாக்கத்து சினேகா, பின்னால் தண்ணி லாரி ஹாரன் அலற, "ஆண்ட்டி, இன்னும் கொஞ்சம் வினிகர் ஊத்துங்க" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். என் பெண்ணாக இருந்தால் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

பி.எஸ்ஸி. முதல் வருஷ வேதியியல், ஆன்லைனில். நாற்பத்தாறு வயதில் இந்தக் கூத்து என் ஆசை இல்லை. என் வீட்டுக்காரர் வில்பிரட்டின் பிடிவாதம்.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு. இத்தனை வருஷம் அதைப் பற்றி மூச்சு விடாத மனுஷன், போன கிறிஸ்மஸ் முடிந்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்து நின்றார். டிகிரி இருந்தால் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்குமாம்.

"ஏன், உங்க சம்பளம் எங்க ஓடிப்போகுது?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

அதோடு விட்டாரா? பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பின்னாலேயே ஓடிவந்து எனக்கு ஸ்கூட்டர் பழக்கினார். கரண்ட் பில்லை என் போனிலிருந்தே கட்ட வைத்தார். நான் படிக்க வேண்டுமென்று பாத்திரம் கழுவுவதையும் தானே எடுத்துக்கொண்டார். சோப்பு ஒத்துக்கொள்ளாமல் உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. கையுறை போடுங்கள் என்றால் கேட்டால்தானே.

தினமும் ஏரியைச் சுற்றி நடந்து ஆளும் பாதியாகிவிட்டார். "யாரை மயக்க இந்த இளைப்பு?" என்று போன வாரம்கூடக் கிண்டல் செய்தேன்.

இதில் நாள் தவறாமல் ஒரே கேள்வி வேறு. "பாஸ் பண்ணிடுவல்ல, தபீ?"

எனக்கு எரிச்சலாக வரும். "பாக்கலாம் போங்க" என்பேன்.

இன்றைய செய்முறை ஒன்றும் பிரமாதம் இல்லை. வீட்டில் இருக்கும் கேஸ் மாத்திரையைப் பொடித்து வினிகரில் போட வேண்டும். மாத்திரை அமிலத்தை அடக்கும்போது நுரை வரும்.

கேஸ் மாத்திரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஃப்ரிட்ஜ் மேல் இவருடைய டப்பா எப்போதும் உண்டு. சாப்பிட்டு எழுந்ததும், "கேஸும்மா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போட்டுக்கொள்வார். அதிலிருந்து ஓர் அட்டையை உருவி, ரோஸ் நிற மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, சப்பாத்திக் கட்டையால் நசுக்கி, விரலாலேயே வழித்து டம்ளரில் போட்டேன்.

பொடி அடியில் போய் அப்படியே படுத்துக்கொண்டது.

"பழைய மாத்திரையா இருக்கும். அட்டையைக் கேமராகிட்ட காட்டுங்கம்மா" என்றார் மிருதுளா மேடம். வகுப்பு எடுப்பவர்தான். என்னைவிட ரொம்பச் சின்னவர்.

கண்ணாடி போடாமல் அந்த எறும்பு எழுத்து எனக்குத் தெரியாது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன்.

மேடம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். அட்டையை இன்னொரு தடவை திருப்பச் சொன்னார்.

"அந்தப் பொடியை இனிமே தொடாதீங்க. முதல்ல போய் சோப்புப் போட்டுக் கையை நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா. இப்பவே."

குளியலறைக்கு ஓடினேன். விஷம் எதையாவது தொட்டுவிட்டேனோ என்று பயம். திரும்பி வந்தபோது எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

'அம்மா, இது கேஸ் மாத்திரை இல்லை. புற்றுநோய்க்குக் கொடுப்பது. மற்றவர்கள் வெறும் கையால் பொடிக்கக் கூடாது. எங்கள் அப்பாவுக்கும் இதைத்தான் கொடுத்தோம், உள்ளங்கையெல்லாம் உரிந்துவிடும். உங்கள் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்?'

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு டப்பாவை எடுத்து மேஜையில் கொட்டினேன். வெளியே எழுதியிருந்தது கேஸ் மாத்திரையின் பெயர். உள்ளே இருந்த அட்டைகள் எல்லாவற்றிலும் இன்னொரு பெயர்.

ஆண்டவரே.

ஸ்கூட்டர். கரண்ட் பில். டிகிரி.

திரையில் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய நுரையோ மேஜை முழுக்க வழிந்துவிட்டதாம். சமையலறையில் அவர் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கொட்டிய அட்டைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழாய் நின்றது. துண்டில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன தபீ, நுரை வந்துச்சா?"

மேஜையில் டப்பா கவிழ்ந்து கிடந்தது. டம்ளர் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது, அடியில் ரோஸ் பொடியோடு.

"வந்துச்சுங்க" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாஸ் பண்ணிடுவல்ல, தபீ?"

"பண்ணிடறேங்க" என்றேன், முதல் தடவையாக.