ராஜா முகத்தில் உயிர் இல்லை

"எல்லாம் உங்களாலதான்," என்றாள் அவள் கணவரிடம், தெர்மோகோல் கோட்டையைப் பிய்த்துக்கொண்டே.

அனிமேஷன் படக் காட்சி ஒன்றை வீட்டிலேயே வேஷம் கட்டி, செட் போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டிய போட்டி. மூன்று வாரம் மாடாய் உழைத்து, மகளை எடுக்கச் சொல்லி அனுப்பிய போட்டோவுக்குக் கடைசி இடம்.

"நடுவர் என்ன எழுதியிருக்கார்? சத்தமா படிங்க."

கணவர் போனைப் பார்த்துப் படித்தார். "அசல் காட்சியின் சாயலே இல்லை. கோட்டை அட்டை என்று பார்த்ததும் தெரிகிறது. ராணி பரவாயில்லை. ராஜா முகத்தில் உயிரே இல்லை."

"கேட்டீங்களா? கோட்டை வெட்டும்போது கட்டை விரலையும் சேர்த்து வெட்டிக்கிட்டேன். பிளாஸ்திரியோட நின்னு சிரிச்சேன். உங்களுக்கு ஒரு சிரிப்பு வரலையா?"

"சிரிச்சேனே. கிரீடம் காதுல குத்திக்கிட்டே இருந்துச்சு, அப்பவும் சிரிச்சேன்."

"கல்லு மாதிரி நின்னுட்டு, சிரிச்சேன்னு வேற சொல்றீங்க."

சண்டையை விலக்க வந்த மகள் போனை வாங்கி, போட்டிக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல உன் விரல்ல பிளாஸ்திரியே இல்லையே. ராணியே நீ இல்லையே!"

கணவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மாதிரிக்கு வச்சிருந்த அசல் அனிமேஷன் காட்சியையே அனுப்பிட்டேன் போல."

அவள் போனைப் பிடுங்கி, அனுப்பாமல் விட்ட போட்டோவைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிய்த்த கோபுரத்தை எடுத்து மறுபடி கோட்டைமேல் வைத்தாள்.

"அதானே பார்த்தேன். உங்க மூஞ்சியில உயிர் இல்லைன்னு எவன் சொல்லுவான்?"