இங்கிலீஷ் ஆட்டம்

"இன்னொரு தடவை அந்த ராஜாவைத் தாவ விட்டீங்கன்னா நான் ஆடவே வரமாட்டேன்ப்பா!" என்று சொல்லி, வேலாயுதம் பலகையில் இருந்த காய்களைக் கலைத்துவிட்டான்.

அவன் அப்பா நாகையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிராளியின் காய் எதுவும் ராஜாவை மிரட்டாத வரைக்கும், ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை ராஜா குதிரையைப் போலத் தாவலாம். அவருடைய ஊரிலும் சரி, கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலும் சரி, சதுரங்கம் என்றால் எல்லாரும் அப்படித்தான் ஆடினார்கள்.

"வேற எப்படிடா ஆடுறது?"

"இங்கிலீஷ்காரங்க ஆடுற மாதிரி. ராஜா ஒரு கட்டம்தான் போகணும். சிப்பாய் மொதல்ல கெளம்புறப்ப ரெண்டு கட்டம் போகலாம். அப்புறம், இது மந்திரி இல்ல. ராணி."

"சண்டை நடக்குற எடத்துல ராணிக்கு என்னடா வேலை?"

வேலாயுதம் மடியில் இருந்த இங்கிலீஷ் சதுரங்கப் புத்தகத்தைப் புரட்டினான். பழைய சாமான் கடையில் வாங்கியது. கடைசிப் பக்கங்களைச் செல் அரித்திருந்தது. மிச்சம் இருந்ததை அவன் வேதமாக நம்பினான்.

அவனுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் துரை ஒரு உத்தரவு போட்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பையன்கள் ஆளுக்கு ஒரு வித்தையைத் தாங்களாகவே பழகி வந்து அவர் முன்னால் காட்ட வேண்டும். தேறுகிறவனுக்கு மேல்படிப்பு முழுக்க இலவசம். தேறாவிட்டால் வேலாயுதத்துக்குச் செந்தூல் ரயில் பட்டறைதான். நாகையா அங்கே போர்மனிடம் சொல்லி வைத்தாகிவிட்டது.

துரையின் மேசையில் எந்நேரமும் ஒரு சதுரங்கப் பலகை இருக்கும். அதைப் பார்த்துத்தான் வேலாயுதம் இந்த வித்தையைத் தேர்ந்தெடுத்தான். துரை லண்டனிலிருந்து நேராக வந்து இறங்கியவர் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். அவர் பெட்டி படுக்கையோடு கிள்ளான் ரயிலிலிருந்து இறங்கியதை நாகையாவே கண்ணால் பார்த்திருந்தார். கப்பல் வந்து நிற்பதும் அந்தப் பக்கம்தானே.

அன்றிலிருந்து வேலாயுதம் தனியாகவே ஆடிப் பழகினான். வெள்ளையும் அவனே, கறுப்பும் அவனே. நாகையா வேலை முடிந்து வந்து பலகைக்கு எதிரே உட்காருவார்.

"ஒரே ஒரு ஆட்டம்டா."

"வேணாம்ப்பா. உங்க நாட்டு ஆட்டம் ஆடுனா என் பழக்கம் கெட்டுப்போயிரும்."

நாகையாவின் முகம் தொங்கிப்போகும். எழுந்து போய்விடுவார். வேலாயுதத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. முதலில் படிப்பு, அப்பாவைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

பரீட்சை நாள் வந்தது. பையன்கள் ஒவ்வொருவராகத் துரையின் அறைக்குள் போனார்கள். ஒருவன் தபால்தலை சேர்த்ததைக் காட்டினான், ஒருவன் புல்லாங்குழல் ஊதினான். வேலாயுதத்தின் முறை வந்தபோது நாகையா தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வாயே திறக்கக் கூடாது என்று மகன் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான்.

துரை எதிர் நாற்காலியைக் காட்டினார். வேலாயுதம் முதல் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். துரை புருவத்தை உயர்த்தினார். தன் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினார். அடுத்ததையும் ஒரே கட்டம்தான். வெள்ளைக்காரனுக்கு என்ன நிதானம் என்று வேலாயுதம் வியந்துபோனான்.

கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்தில் போட்டிருந்தபடி, ராஜாவையும் யானையையும் ஒரே வீச்சில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்தினான். துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பலகையைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். ஆள் அசந்துவிட்டார் என்று வேலாயுதத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆட்டம் அவன் கைக்கு வந்துவிட்டது. துரையின் ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே அடைபட்டுக் கிடந்தது. ராணியை இறக்கினால் தீர்ந்தது. மேல்படிப்பு கண்ணுக்கு முன்னால் நின்றது.

துரை ராஜாவைத் தூக்கினார். குதிரையைப் போல ஒரே தாவாகத் தாவ வைத்து, வெளியே கொண்டுவந்து வைத்தார்.

துரையாவது, அழுகுணி ஆட்டம் ஆடுவதாவது! செல் அரித்த பக்கங்களில் இதுதான் இருந்ததோ? துரையிடம் போய் அதைக் கேட்க முடியுமா? அதற்குப் பிறகு அவன் நகர்த்திய காய் எதுவும் உருப்படவில்லை. சீக்கிரமே அவனுடைய ராஜா வசமாக மாட்டிக்கொண்டது.

துரை பெருமூச்சு விட்டார். பிறகு, அந்தப் பள்ளியில் யாரும் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத தமிழில் பேச ஆரம்பித்தார்.

"நான் பொறந்து வளந்ததெல்லாம் கிள்ளான் காப்பித் தோட்டத்துலதான்ப்பா. இது எங்க கங்காணி சொல்லிக் குடுத்த ஆட்டம். நீ சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுனே, சின்னப் பையன்னு விட்டேன். ராஜாவையும் யானையையும் எடம் மாத்துனே, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. மந்திரியை மட்டும் நல்லாத்தான் நடத்துனே. ஆனா அடிப்படையே தெரியலையே, உனக்கு எப்படிப்பா நான் எலவசப் படிப்பு குடுக்குறது?"

வேலாயுதம் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏம்ப்பா, ஆட்டம் தெரிஞ்சவங்க உங்க வீட்டுல ஒருத்தர்கூடவா இல்ல?"