கப்பலில் வந்த கார்

"ஏன் பிள்ளை, லண்டனிலையிருந்து கப்பல் ஏத்திக் கொண்டாற அளவுக்கு இதென்ன பெரிய தேரோ?"

விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே பரமேஸ்வரன் கேட்டார். மகள் சிவரூபி சிரித்தாள். லண்டன் போதும் என்று உதறிவிட்டு, கிளிநொச்சியிலேயே வேலை தேடிக்கொண்டு, தர்மபுரத்துக்கு நிரந்தரமாக வந்துவிட்டவள். கூடவே அவளுடைய காரும் வந்து இறங்கியிருந்தது. நேற்றுக் கொழும்பிலிருந்து தானே ஓட்டிவந்து விறாந்தையோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள்.

"ஆராவது காரை விறாந்தையோடை உரசுற மாதிரி விடுவினமோ? உன்ரை மூளை லண்டனிலையே நிண்டிட்டுதோ?"

"அது அங்கையே நிக்கட்டும் அப்பா."

"கியரும் இல்லையாம். கியர் போடாமல் ஓடுறதும் ஒரு ஓட்டமோ?"

"இந்த மனுசன் வாயாலைதான் வையும்," என்றாள் மனைவி விமலேஸ்வரி, பூசைக்காகக் கார்ச் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்துக்கொண்டே. "கண்ணைப் பார், காரை விட்டு எடுக்குதில்லை."

உண்மைதான். ஒரு காலத்தில் வவுனியாவுக்கும் பளைக்கும் இடையே நெல் லொறி ஓட்டியவர் அவர். சந்தியில் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டால் விமலேஸ்வரி உலையில் அரிசி போடுவாள். சண்டை முடிந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. இன்னும் ஒருதரம், ஒரே ஒருதரம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஜந்தன் நிமிர்ந்தான். "தெரியுமோ மாமா, லண்டனிலை இருக்கிற என்ரை அக்கா சொன்னவா. ரூபி வைச்சிருந்த புதுக் காரை வித்துப்போட்டு, போன வருசம் இந்தப் பழசை வாங்கினவளாம். அங்கை எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவையாம்."

"அடி விசரி! புதுசை வித்தோ பழசை வாங்கினனி?"

"நானே அங்கை கொஞ்சக் காலம் வைச்சு ஓடின சொந்தக் கார் எண்டால்தான் இஞ்சை கொண்டரலாம் எண்டு சொன்னாங்கள் அப்பா. அதுதான் வாங்கி ஓடினனான்."

"அப்ப அந்தப் புதுசையே கொண்டந்திருக்கலாமே!"

அதற்கும் சிரிப்புத்தான். பரமேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி சரி, ராகுகாலம் வரப்போகுது," என்று விமலேஸ்வரி அவசரப்படுத்தினாள். "தேசிக்காயை நசிச்சுக்கொண்டு முன்னுக்கு எடு பிள்ளை. பிறகு முறிகண்டிப் பிள்ளையாரிட்டைப் போய் ஒரு தேங்காய் அடிப்பம்."

"நான் எடுக்கமாட்டன் அம்மா. பூசை முடிஞ்சு முதல் ஓட்டம் அப்பாதான்."

அஜந்தன் நிலத்தைப் பார்த்தான். விமலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பகிடி விடாதை பிள்ளை." பரமேஸ்வரன் காரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கும் ஸ்டியரிங்குக்கும் எப்பவோ முடிஞ்சுது. லைசன்ஸும் இல்லை."

"வீட்டு முத்தத்திலை தேசிக்காய் நசிக்க லைசன்ஸ் என்னத்துக்கு? வாங்கோ."

சிவரூபி கார்க் கதவைத் திறந்தாள். ஓட்டுபவரின் இருக்கை அவருடைய கதிரைக்கு நேரே, கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், எந்த லொறியிலும் அவர் கண்டிராத ஒரு பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் கார் ஓடும். உங்களுக்குப் பழக்க வேணுமெண்டுதான் லண்டன் முழுக்க நானும் கையாலையே ஓடித் திரிஞ்சனான் அப்பா."

பரமேஸ்வரனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஷெல்லடியில் இரண்டு கால்களும் முழங்காலோடு போன இடத்தில் முடிந்திருந்த சாரத்தை ஒதுக்கிவிட்டு, கைகளை ஊன்றி ஒரே உந்தலில் ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர், முதலில் ஹோர்னைத்தான் அடித்தார்.