தூதருக்கு எந்தக் கவசம்?

“இரும்பா, தங்கமா, தோலா? சீக்கிரம் சொல்லுங்க தூதரே. கோட்டை வாசல்ல வந்து நின்னுட்டு இப்படி முழிச்சா எப்படி?”

கதை நடத்துபவனின் குரலில் கேலி வழிந்தது.

அந்த ஆட்டத்துக்கு வாயால் சொல்லும் கதையும் ஒரு பகடையும் போதும். கதை நடத்துபவன் ஓர் உலகத்தைச் சொல்வான். ஆடுகிறவர்கள் அதற்குள் ஆளாக மாறிப் பேசுவார்கள். ஆட்டத்துக்கு நடுவே யாரும் யாரையும் வேடத்தின் பெயரில்தான் கூப்பிட வேண்டும் என்பது அந்தக் குழுவின் கண்டிப்பான வழக்கம்.

தூதருக்கு இது முதல் ஆட்டம். ஐம்பதை நெருங்கும் வயது. நடையின் வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. பக்கத்தில் விதிப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தான் குண்டூசி. ஒல்லி உடம்பால் கல்லூரியில் வாங்கிய பட்டம் அது; ஆட்டத்திலும் அதையே வேடப்பெயராக வைத்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் தூதருக்குத் துணை அவன்தான். சுவரோரம் மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை யாரும் தொடவில்லை. நடைக்கோடி ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“நிலைமையை இன்னொரு தடவை சொல்லு” என்றார் தூதர்.

“கோட்டைக்குள்ள இளவரசன் தனியா இருக்கான். பொழுது சாயறதுக்குள்ள நீங்க பேசியே அவனைக் கதவைத் திறக்க வைக்கணும். இல்லன்னா உங்க படை கதவை உடைக்கும். உடைச்சா அவன் சுரங்கத்துல இறங்கிடுவான். அப்புறம் அவனை யாருமே பார்க்க முடியாது.”

இந்தக் கடைசி வார்த்தைகளில் கேலி இல்லை.

குண்டூசி அவர் காதருகே சாய்ந்தான். “தூதரே, கவசம்னா வெட்டு விழாம இருக்க மட்டும் இல்ல. பார்க்கிறவன் உங்களை என்னன்னு நினைப்பாங்கிறதுக்கும் மதிப்பு இருக்கு. ஒட்டுப்போட்ட தோல்னா சாதாரண ஜனங்க நம்ம ஆளுன்னு நம்புவாங்க. தங்க வேலைப்பாடுன்னா பெரிய இடத்துல மரியாதை. இரும்புல அம்பு இறங்காது. ஆனா எதிர்ல இருக்கிறவனுக்கு வயித்தைக் கலக்கும். பேச்சு எடுபடாது.”

“தங்கம் போட்டா?”

“குசுகுசுன்னு பேசினா எனக்குக் கேட்காதுன்னு நினைப்பா?” என்று குரல் குறுக்கிட்டது. “இளவரசனுக்குப் பெரிய மனுஷங்கன்னாலே அலர்ஜி.”

“தோலையே எடுங்க தூதரே” என்றான் குண்டூசி.

தூதர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். “அவன் கையில வில்லு இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்போ இரும்புதான். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஆபத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி உடம்பை மூடணும்.”

குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டான். “இவ்வளவு நேரம் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?”

“சொன்னது சொன்னதுதான்” என்றது குரல். “இளவரசன் மதில் மேலேருந்து எட்டிப் பார்க்கிறான். தலையிலிருந்து கால் வரைக்கும் இரும்பு. மூஞ்சியே தெரியல. இவன் பேச வந்தவனா, பிடிச்சுட்டுப் போக வந்தவனா? அவனுக்குச் சந்தேகம். இன்னொரு தாழ்ப்பாளையும் போடுறான்.”

டக்கென்று ஒரு சத்தம்.

தூதரின் முகம் வெளுத்துவிட்டது. “கழட்டிடறேன்” என்றார் அவசரமாக. “எல்லாத்தையும் கழட்டிடறேன்.”

“வில்லுக்கு நேரா நிக்கிறீங்க. ஒரு அம்பு போதும்.”

“விடட்டும்.”

“முதல்ல எதை?” என்றது குரல்.

“தலைக்கவசம். என் மூஞ்சி தெரியட்டும்.”

“ம். அப்புறம்?”

“மார்க்கவசம். கையுறை. எல்லாம் கீழே கிடக்கு.”

“அடியில என்ன போட்டிருக்கீங்க?”

தூதர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். “சட்டைதான். வேர்வையில நனைஞ்சு கிடக்கு. மேல் பொத்தான் எங்கேயோ விழுந்துபோச்சு. எனக்குத் தைக்க வராது.”

மறுபடி கேட்டபோது குரல் முன்னைவிடக் கிட்டத்தில் இருந்தது; கரகரத்துமிருந்தது.

“குண்டூசி, கவசமே இல்லாம வர்றவனுக்கு என்ன விதி?”

பக்கங்கள் படபடவென்று புரண்டன. “அப்படி ஒண்ணும் இல்லடா. இதை எழுதினவனுக்கே இப்படி ஒரு ஆள் வருவான்னு தோணல போல.”

“அப்போ பகடைதான். பதினஞ்சுக்கு மேல விழணும்.”

இருபது முகப் பகடை தூதரின் உள்ளங்கையிலிருந்து நழுவி, தரையில் தடதடத்து ஓடி, சுவரில் முட்டி நின்றது.

“என்ன விழுந்துச்சு?”

குண்டூசி பகடையைப் பார்த்தான்; தூதரைப் பார்த்தான். ‘பதினெட்டுன்னு சொல்லிடவா?’ என்று கண்ணாலேயே கெஞ்சினான். வேண்டாம் என்று தலையசைத்தார் தூதர்.

“மூணு” என்றான் குண்டூசி. அழுதுவிடுவான் போலிருந்தது.

“மூணுன்னா திறக்காது” என்றது குரல், மெல்ல. “ஆட்டம் முடிஞ்சுபோச்சு தூதரே.”

தூதர் சுவரைப் பிடித்து எழுந்தார். மாடிப்படியில் கோடரியும் கடப்பாரையுமாய் அவருடைய ஒரு சைகைக்காகக் காத்து நின்ற தன் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் இருவரையும் கீழே போகும்படி கைகாட்டினார். பிறகு, குரலுக்கும் தனக்கும் நடுவே உள்ளிருந்து தாழிட்டிருந்த படுக்கையறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“மூணுதான் விழுந்துச்சு, ஒத்துக்கறேன். இருந்தாலும்... அப்பாவுக்காகத் திறப்பியா, கண்ணு?”