குற்றச்சாட்டு என்ற சொல்

2008 அக்டோபர். வளைகுடா நாட்டின் ருவைஸ் குடியிருப்பில் திரைச்சீலை தாண்டி மாலை வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஒருவர் முஸ்லிம் என்ற ‘குற்றச்சாட்டு’ பொய் என்கிறது ஆங்கிலச் செய்தி. கீழே பின்னூட்டங்களில் ஆளாளுக்கு, அவர் நல்லவர்தான் என்று வாதாடுகிறார்கள். பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு எகிப்துக்காரி சமீரா, கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஜெயலட்சுமியின் தோளருகே நின்று வாசிக்கிறாள். அவள் விரல் அந்தச் சொல்லில் நிற்கிறது. “முஸ்லிமா இருக்கிறது குற்றமா, ஜெயா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். ஜெயலட்சுமிக்கு முகம் கொதிக்கிறது. “நமக்கு அங்க ஓட்டா இருக்கு? விடு,” என்கிறான் சோபாவில் கிடக்கும் கணவன் பாலா. “ஓட்டு இல்லன்னா வாயும் இல்லையா?” என்றபடி ஜெயலட்சுமி, ‘முஸ்லிமாக இருந்தால்தான் என்ன?’ என்று தட்டி அனுப்புகிறாள். கருத்து பரிசீலனையில் இருப்பதாகத் திரை சொல்கிறது. ‘அவர் அப்படிப்பட்டவரே அல்ல’ என்று வேறு யாரோ எழுதியது மட்டும் உடனே வந்து விழுகிறது. ஜெயலட்சுமி அதையே மறுபடி தட்டுகிறாள்.