நூல் வரத்து இல்லை

2024 ஜூலை முதல் வாரத்தில், காஞ்சிபுரம் காந்தி சாலையில் உள்ள ஒரு பட்டுக்கடை, ‘செண்பகா’ என்று பெயரிட்டு விற்றுவந்த புடவை ரகத்தை நிறுத்தியது. மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர்.

நூல் வரத்து இல்லாததால் நிறுத்தப்படுகிறது என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். யார் கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும் என்று விற்பனையாளர்களுக்கு உத்தரவு.

குமரகுரு அதைத்தான் சொன்னார்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த துர்காதேவி சிரித்துவிட்டார். மகள் அபிக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்தார்.

“காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு நூல் இல்லன்றியேபா! தாமல் ஏரியில மீன் இல்லன்னு சொல்லு, நம்புறேன்.”

அபி போனை நீட்டினாள். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இன்னும் நீக்கப்படாத செண்பகா. வேறு எந்தப் புடவையையும் அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணம் தையில்தான், தறியில் போடச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம் என்றார் துர்காதேவி. முன்பணத்துக்குக் கைப்பையைத் திறந்தார்.

தனி ஆர்டர் என்றால் கடை மறுக்காது. எழுதிக்கொண்டு அனுப்பிவிடலாம். மணமேடையில் யாராவது ஒருத்தி அபியின் காதில் விஷயத்தைப் போடுவாள்.

குமரகுரு கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நூல்லாம் இருக்குதுமா. போன மாசியில ஒரு பொண்ணு செத்துப்போச்சு. கல்யாணம் ஆயி ஆறு மாசம்கூட ஆவல. இந்தப் புடவை கட்டின போட்டோவைப் போட்டு, பெரிய காஞ்சிபுரம் பூரா கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சாங்க. அதுலருந்து இத விரிச்சாலே, ஐயோ பேனர் புடவைன்னு தள்ளி வெச்சுடறாங்க.”

அபி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

துர்காதேவி கைப்பையை மூடினார். “பாவம். அது சரி, பெத்தவங்களுக்கு வேற போட்டோவா கெடைக்கல?”

குமரகுரு மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து உதறி, முந்தி அவர்கள் பக்கம் வரும்படி விரித்தார்.

வேறு போட்டோக்கள் நிறைய இருந்தன. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்டபோது, தன் மகளின் முகம் பெரிதாக இருந்த படங்களை ஒதுக்கிவிட்டு, பார்டரும் முந்தியும் முழுதாகத் தெரிகிற ஒரு படத்தை குமரகுருதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

அபி மயில் கழுத்தையே எடுத்துக்கொண்டாள்.