க/பெ இசக்கிமுத்து

அவள் திரையில் தன் முகத்தைத் தேடினாள்.

இருந்தது வேறொரு முகம். உருண்டை முகம், வெறும் நெற்றி. கீழே எழுதியிருந்த பெயர் மட்டும் அவளுடையது.

"ஆவுடையம்மாள், கணவர் பெயர் இசக்கிமுத்து," என்று வாசித்தார் தாலுகா அலுவலக உதவியாளர் ஜெபராஜ். "ரேஷன் அட்டை நம்பரும் நீங்க எழுதினதுதான். திருப்பூர்ல மூணு வருசமா இந்தப் பேருக்கு உதவித்தொகை போய்க்கிட்டிருக்கு. அதான் உங்க மனு நின்னுபோச்சு."

மனுவின் மேல் கொட்டை எழுத்தில் அடித்து வந்திருந்தது.

ஆள்மாறாட்டச் சந்தேகம்.

நல்ல கூத்து. பத்தொன்பது வருடம் பீடி சுற்றி, கண் மங்கி, இனி முடியாது என்றான பிறகு, கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டவளைப் பார்த்து ஆள்மாறாட்டமாம்.

"அவளும் கைவிடப்பட்டவதானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது விதவைக் கணக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஜெபராஜுக்கு உறைத்தது. எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அவள் கை சேலைக்குள் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது.

மூன்று வருடம்.

மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இசக்கிமுத்து, ரேஷன் அட்டையையும் கூடவே எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. அட்டை நம்பர் மட்டும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அட்டையில் முதல் வரியில் அவன் பெயர், இரண்டாவது வரியில் அவள் பெயர். அதிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கிவிட்டால் தன் வீட்டு அட்டையில் சேர்த்துவிடலாம் என்று தம்பி தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். அவள் மசியவில்லை.

அரிசி போனால் போகிறது.

ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ரேஷன் கடையில், அவன் பெயருக்குக் கீழே தன் பெயர் இருக்கிறது. அவன் நீக்கவில்லை. அது போதும் என்று இருந்தாள்.

பைத்தியக்காரி.

நீக்கவில்லைதான். அந்த இடத்தில் இன்னொருத்தியைக் குடிவைத்திருந்தான்.

ஜெபராஜ் ஒரு தாளை நகர்த்தினார். புகார். அதில் கையெழுத்துப் போட்டால் திருப்பூர்க்காரிக்குப் போகிற பணம் இன்றைக்கே நிற்கும். விசாரணை முடிந்ததும் இவளுக்கு வரும். போடாவிட்டால் இவள்தான் போலி என்று மனுவை மூடிவிடுவார்கள்.

"அந்தப் பொம்பள போன் நம்பர் இருக்கா?"

கொடுக்கக் கூடாதுதான். ஜெபராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் செல்போனிலேயே அடித்து நீட்டினார்.

நாலு வார்த்தை அவள் நாக்கு நுனியில் நின்றன. நாலும் நல்ல வார்த்தைகள் அல்ல.

"ஆருங்க?"

"ஆவுடையம்மா பேசுதேன்."

மறுமுனையில் தையல் மிஷின்களின் இரைச்சல். கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்தது. எழுந்து வெளியே வந்திருப்பாள் போல.

"அக்கா," என்றது அந்தக் குரல். கொங்குப் பேச்சு. "வேணும்னு பண்ணலீங்க. அட்டைல இருக்கற பேருலயே இருந்துக்கன்னு ஊட்டுக்காரரு சொன்னாருங்க. மொதல்ல ரேசனுக்கு. அப்பறம் எல்லாத்துக்கும் அதே பேரு ஆயிப்போச்சுங்க."

திருப்பூர்க்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"காயிதத்துல மட்டுமில்லீங்க. ஊட்டுக்குள்ளயும் அந்தப் பேரு சொல்லித்தானுங்க கூப்புடுவாரு."

நாக்கு நுனியில் நின்ற நாலும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"எப்படிக் கூப்பிடுவாக?"

"என்னங்க?"

"அவுக எப்படிக் கூப்பிடுவாகன்னு கேட்டேன்."

"'ஏளா ஆவுடே'ம்பாருங்க. ஏளான்னா என்னன்னு கேட்டாச் சிரிப்பாரு, சொல்ல மாட்டாருங்க. எங்கூருப் பக்கம் அப்படி ஒரு பேச்சே இல்லீங்களே."

ஏளா.

நெல்லைச் சீமையில் தெருவுக்குத் தெரு கேட்கிற சொல். பெண்டாட்டியைக் கூப்பிடலாம், தங்கையைக் கூப்பிடலாம், குழாயடியில் சண்டைக்கு வந்தவளையும் கூப்பிடலாம். அவளை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. தம்பிக்கு அக்கா. தம்பி பெண்டாட்டிக்கு மதினி. பிள்ளைகளுக்கு அத்தை.

அவன் வாயில் தன் பெயர் தினமும் இருந்திருக்கிறது. காலையில் காபிக்கு, சாயங்காலம் கதவைத் திறக்க. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போனால் கேட்டிருக்கலாம்.

பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, சொல்லவே கூச்சம், சந்தோஷமும் வந்தது.

"அம்மா, பின்னால வரிசை நிக்குது," என்றார் ஜெபராஜ். பேனாவைத் தாள்மேல் வைத்தார்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு காதைக் கையால் பொத்தினாள்.

"சும்மா ஒப்பிக்காத. அவுக கூப்பிடுத மாதிரியே கூப்பிடு."

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏளா... ஆவுடேய்!"

குரல் பெண் குரல்தான். முதலில் இழுத்து, கடைசியில் வெட்டி நிறுத்திய அந்தத் தோரணை அவனுடையது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்படித்தான் கூப்பிடுவான்.

"இந்தா வாரேன்," என்றாள் அவள்.

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

"போலியா, அசலா?" ஜெபராஜ் போனுக்காகக் கையை நீட்டினார். "ஏதாவது ஒண்ணு எழுதணும்மா. அந்தம்மா யாருன்னு எழுதட்டும்?"

அவள் போனோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொருக்கா கூப்பிடு," என்றாள்.